தக்கலை வீட்டு ரிவால்வர்: முன்னாள் காவல்துறை ஆயுதம் ஒன்றை அடையாளம் கண்டு மதிப்பிட்ட விவரம்

கல்குளம் வட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்து ஊரொன்றில் பெரியவர் ஒருவர் காலமானார். அவர் பெயரில் உரிமம் இருந்த ரிவால்வரை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி பிள்ளைகள் உரிமம் பெற்ற வணிகர் ஒருவரின் காப்பறையில் ஒப்படைத்தார்கள். அதை ஆய்வு செய்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும் என்று என்னிடம் கேட்டவர் மூத்த மகன். பாகப்பிரிவினையில் துப்பாக்கிக்கு ஒரு விலை போட்டாக வேண்டும். முடிந்தால் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, தம்பிக்கும் தங்கைக்கும் அவரவர் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். "எங்க பாட்டா திருவிதாங்கூர் போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனப்போ சர்க்கார் குடுத்தது சார், அதுக்குன்னு தனி மதிப்பு இருக்கும்லா?" என்று அவர் கேட்டதில்தான் இந்த ஆய்வின் முழுச் சிக்கலும் அடங்கியிருந்தது. காவல்துறையின் கையில் இருந்த ஆயுதம் என்பது நம் நாட்டில் விலையை ஏற்றும் சங்கதி அன்று. பெரும்பாலும் அது விலையையே இல்லாமல் ஆக்கிவிடும். ஏன் என்பதை உலோகமும் சட்டமும் சேர்ந்துதான் சொல்ல முடியும்.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய நான்கு வட்டங்களான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆகவே அந்தத் தலைமுறையில் இங்கே பணியாற்றிய காவல் அதிகாரி ஒருவரின் ஆயுதம் பற்றிய தாள் எங்கேனும் இருக்குமானால், அதைத் தேட வேண்டிய இடங்கள் மாநில எல்லையின் இரு பக்கமும் கிடக்கின்றன. குடும்பத்தாரிடம் இருந்தவை ஒரு பழைய உரிமப் புத்தகம், பின்னர் அச்சில் வந்த புதிய உரிமம், தேர்தல் காலங்களில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்ததற்கான ரசீதுகள், தோல் உறை, ஒரு தகரப் பெட்டியில் சில தோட்டாக்கள். சர்க்கார் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அந்த உத்தரவோ கடிதமோ அவற்றில் இல்லை.

வணிகரின் முன்னிலையில் ரிவால்வரைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்று இருவரும் பார்த்து உறுதி செய்த பிறகே ஆய்வு தொடங்கியது. தோட்டாப் பெட்டி அதுவரை வேறு மேசையில் இருந்தது.

இனம் காண்பது ஓரளவு எளிதாகவே இருந்தது. கட்டைவிரலால் இடப்புற நெம்பை அழுத்தினால் குழல் முன்பக்கம் மடிந்து, சிலிண்டரின் பின்முகம் திறந்து, உள்ளிருக்கும் காலித் தோட்டாக்களைத் தானே தள்ளும் அமைப்பு. எனவே சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட், ரூகர் வகைகள் அப்போதே விலகிவிட்டன. இந்தியக் காவல்துறைகளில் .380 அறையுடன் (தோட்டாவின் அளவை அங்குலக் கணக்கில் குறிக்கும் எண் அது) ரூகர் ரிவால்வர்களும் வந்து சேர்ந்திருந்ததால் இதைக் குறிப்பிடுகிறேன். மடியும் வகையில் எஞ்சுபவை முக்கியமாக மூன்று: பர்மிங்காமின் வெப்ளி அண்ட் ஸ்காட் நிறுவனம் செய்த மார்க் 4, பிரிட்டிஷ் அரசின் என்ஃபீல்டு ஆலை அதே சாயலில் செய்து 1932-இல் ராணுவத்தில் ஏற்கப்பட்ட எண் 2, பிற்காலத்தில் கான்பூர் சிறு ஆயுத ஆலை அந்த வெப்ளி வடிவத்தையே பின்பற்றிச் செய்த .32 ரிவால்வர். என்ஃபீல்டுக்கும் வெப்ளிக்கும் தூரத்தில் வேறுபாடு தெரியாது. உள்ளமைப்பை அடைய என்ஃபீல்டில் கழற்றக்கூடிய பக்கத் தகடு உண்டு; வெப்ளியில் விசைக்காப்பைத்தான் கழற்ற வேண்டும். நம் கையில் இருந்ததில் பக்கத் தகடு இல்லை. துப்பாக்கிச் சட்டகத்தின் இடப்பக்கம், சாய்வாக ஒளி பட்டால் மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்ந்த நிலையில் வெப்ளியின் இறக்கை முத்திரை இருந்தது. ஐந்து அங்குலக் குழல், குண்டைச் சுழலவைக்க ஏழு பள்ளங்கள் வலப்புறம் முறுக்கிய உள்வரி, பிடியின் அடியில் கயிறு கோக்கும் வளையம். ஆகவே வெப்ளி மார்க் 4 என்பதில் ஐயமில்லை.

எந்த வெப்ளி மார்க் 4 என்பதுதான் கேள்வி. ஒரே பெயரில் .38 அளவிலும் .32 அளவிலும் அந்த நிறுவனம் செய்து விற்றிருக்கிறது. .38 ரகத்தின் குழலில் அளவோடு 145/200 என்ற எண்களும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். 145 கிரெய்ன், 200 கிரெய்ன் எடையுள்ள குண்டுகளைக் குறிப்பவை அவை. இந்தத் துப்பாக்கியை யாரோ ஒரு காலத்தில் நன்றாக மெருகேற்றி, மீண்டும் கருநீலப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். விளிம்புகள் மழுங்கி, திருகுத் துளைகளின் ஓரம் குழிந்து, குழலில் இருந்த எழுத்துகளில் ஒரு 3-உம், அதன்பின் 8 ஆகவோ 2 ஆகவோ படிக்கத்தக்க ஒரு வளைவும் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஆதாயத்துக்காக அழித்ததல்ல, பளபளப்புக்காகத் தேய்த்தது என்பதே என் கருத்து. தொடர் எண் தெளிவாக இருப்பது அதற்குச் சான்று. ஆனால் பழைய ஆயுதத்தைப் பட்டறையில் கொடுத்து மினுக்கும் பழக்கம் உள்ளவர்கள், ஆயுதத்தின் அடையாளக் குறியை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்கீழ் வருகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

தப்பிய குறிகளில் முதன்மையானவை, விற்பனைக்கு முன் துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரைகள். சிலிண்டரின் அறைகளுக்கு இடையே கிரீடமும் அதன் கீழ் என்.பி. என்ற எழுத்துகளும் இருந்தன. 1954-க்குப் பிந்தைய விதிகளில் இந்த இடத்தில் பி.என்.பி. என்ற மூன்றெழுத்துதான் வரும். எனவே துப்பாக்கி அதற்கு முந்தையது. பாட்டாவின் பணிக்காலத்தோடு இது முரண்படவில்லை. ராணுவச் சொத்தைக் காட்டும் அகன்ற அம்புக்குறி எங்கும் இல்லை. பணியிலிருந்து விற்கப்பட்டதைக் காட்ட இரண்டு அம்புகளை முனையோடு முனை சேர்த்து அடிக்கும் விற்பனைக் குறியும் இல்லை. போர்க்காலத்தில் மெருகில்லாமல் அனுப்பியவற்றில் அடித்த 'வார் ஃபினிஷ்' என்ற சொற்களும் இல்லை. பிடியின் பின்முதுகில் மட்டும் கையால் அடித்த ஓர் எழுத்துத் தொகுதியும் அதன் கீழ் ஒரு எண்ணும் இருந்தன. எழுத்துகளில் ஒன்று ஆங்கில டி (T). மற்றவை மெருகில் போய்விட்டன.

இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்? ராணுவக் குறி இல்லாமல் சிவில் சோதனை முத்திரை மட்டும் இருப்பதால், துப்பாக்கி ராணுவக் கிடங்கு வழியாக வராமல் நேரடி வணிகத்தில் வாங்கப்பட்டது எனலாம். முதுகில் உள்ள எண் ஆலை அடித்ததன்று. ஆயுதக் கிடங்கில் எந்தத் துப்பாக்கி யார் பொறுப்பில் என்று கணக்கு வைக்க அடிக்கப்படும் வரிசை எண்ணின் தன்மை அதற்கு இருக்கிறது. தனியார் ஒருவர் தன் துப்பாக்கியில் அப்படி எண் அடிப்பதில்லை. ஆகவே ஒரு காவல்படையோ அதுபோன்ற அமைப்போ இதை வைத்திருந்தது என்பது உறுதியான ஊகம். அந்த அமைப்பு திருவிதாங்கூர் காவல்துறைதான் என்பதற்கு ஒற்றை எழுத்து டி போதாது. குடும்பத்தின் நினைவு அதனுடன் ஒத்துப்போகிறது என்று மட்டும் அறிக்கையில் எழுதினேன். மூத்த மகனுக்கு இது ஏமாற்றமாக இருந்தது. நிரூபணமும் ஒத்துப்போதலும் வேறு வேறு என்பதை அவர் ஏற்றுக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.

இனி ஆவணங்கள். பழைய உரிமப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், மங்கிய மையில், வெப்ளி ரிவால்வர் .38 என்றும் தொடர் எண்ணும் எழுதப்பட்டிருந்தன. தனித்த அடையாள எண்ணுடன் பின்னாளில் அச்சான உரிமத்திலோ அதே தொடர் எண்ணுக்கு எதிரே .32 என்று இருந்தது. இடையில் எந்தக் கையில் 8 என்பது 2 ஆயிற்று என்று தேடுவதில் பயனில்லை. தேர்தல் ரசீதுகள் இவ்விடத்தில் எதிர்பாராத உதவி செய்தன. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்தபின் திரும்பப் பெறுவது இங்கே எல்லோருக்கும் பழக்கமான நடைமுறை. ரசீதை எழுதுபவர் சில நேரம் உரிமத்தைப் பார்த்து எழுதுவார், சில நேரம் துப்பாக்கியையே பார்த்து எழுதுவார். பழைய ரசீதுகளில் .38, பிந்தியவற்றில்.32, ஒன்றில் 'இங்கிலீஷ் ரிவால்வர்' என்று மட்டும். தொடர் எண் எல்லாவற்றிலும் ஒன்றே. ஆகவே துப்பாக்கி மாறவில்லை, விவரம்தான் மாறியிருக்கிறது என்பதை இந்தக் கசங்கிய தாள்கள் நிறுவின. குடும்பத்தார் இவற்றைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததைப் பாராட்ட வேண்டும்.

தாள்கள் முரண்படும்போது தீர்ப்பைச் சொல்ல வேண்டியது அறை. .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவின் கூடு அடியில் ஏறக்குறைய 8.6 மி.மீ. விட்டமும் விளிம்பில் 9.5 மி.மீ. விட்டமும் 23.4 மி.மீ. நீளமும் கொண்டது. .380 எனப்படும் பிரிட்டிஷ் சேவைத் தோட்டாவும் அதன் மூலமான .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவும் அடியில் 9.8 மி.மீ., விளிம்பில் 11.2 மி.மீ., நீளம் 19.7 மி.மீ. அளவுள்ள தடித்த, குட்டையான கூடு உடையவை. வெர்னியர் அளவுகோலில் இந்த ரிவால்வரின் ஆறு அறைகளும் வாயில் 9.8-க்கும் 9.9-க்கும் இடையே நின்றன. உள்ளே 20 மி.மீ. ஆழத்தில் படி தட்டியது. இது .32 ஆக இருக்கவே முடியாது. குழலை அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு: பள்ளங்கள் ஏழு, அதாவது ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் வரும், வெர்னியரின் முனைகளை உள்ளே வைத்து எடுக்கும் அளவு பள்ளத்தின் விட்டமும் ஆகாது, மேட்டின் விட்டமும் ஆகாது. ஆதலால் அளவு முளைகளை, அதாவது திட்டமான விட்டமுள்ள உருளைகளை, பயன்படுத்தினேன். 8.5 மி.மீ. முளை வாயிலிருந்து தங்குதடையின்றி இறங்கியது. .32 குழலின் துளை 8 மி.மீ.-ஐயே எட்டாது.

இன்னொரு சோதனையையும் விட்டுவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இதே .38 அறையுடன் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் பலவற்றை வெளிநாட்டு உபரி வணிகத்தில் அறையை நீட்டி, நீளமான .38 ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி மாற்றி விற்றார்கள். ஸ்பெஷலின் கூடு சற்று மெலிந்தது, 29.3 மி.மீ. நீளமானது, அகன்ற அறையில் அது வெடிக்கும்போது கூடு உப்பிப் பிளக்கும் அபாயம் உண்டு. மடியும் வகை ரிவால்வரின் பூட்டு அந்த அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதும் அன்று. இங்கே படி 20 மி.மீ.-இலேயே இருந்ததால், அறையில் யாரும் கைவைக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

தகரப் பெட்டியில் இருந்தவை .32 தோட்டாக்கள். புதிய உரிமத்தில் .32 என்று இருந்ததால் அதற்கேற்ப வாங்கப்பட்டவை. அவற்றின் விளிம்பே அறையின் வாயைவிடச் சிறியது. போட்டால் விளிம்பும் சேர்ந்து உள்ளே அமிழ்ந்துவிடும், சுத்தியின் மூக்குக்கு எட்டாது. சுடப்பட்ட ஒரு .32 காலிக் கூட்டைக் கொண்டு வணிகர் அதைக் காட்டியபோது மூத்த மகன் முதன்முறையாகச் சிரித்தார். அவருடைய தந்தை இந்தத் துப்பாக்கியைத் தம் காலத்தில் ஒருமுறையாவது சுட்டுப் பார்த்திருந்தால், உரிமத்தில் இருந்த பிழை அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

சட்டத்தின் நிலை இதுதான். ஆயுத விதிகளின் முதல் அட்டவணை ரிவால்வர்களை அவற்றின் மேல் பொறித்த எழுத்தை வைத்து வகைப்படுத்தவில்லை. எந்தத் தோட்டாவை ஏற்றிச் சுட முடியுமோ அதை வைத்தே வகைப்படுத்துகிறது. .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாக்களை ஏற்றிச் சுடக்கூடிய எந்த ரிவால்வரும், அதன் துளை அளவு எதுவானாலும், முதல் வகையில் சேரும். படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டாக்கள் தனியார் கைக்குப் போகக் கூடாது என்பது அந்த விதியின் நோக்கம். பேச்சுவழக்கில் 'பி.பி.' (prohibited bore) எனப்படும் தடைசெய்யப்பட்ட துளை அளவு இதுவே. சாதாரண .32 ரிவால்வருக்கு மாவட்ட ஆட்சியர் உரிமம் வழங்கலாம். முதல் வகைக்கு ஒன்றிய உள்துறை அமைச்சகம் மட்டுமே வழங்க முடியும். ஆகவே அச்சிட்ட உரிமத்தில் உள்ள .32 என்ற எண்ணை வைத்துக்கொண்டு வாரிசு மாற்றத்துக்கு விண்ணப்பித்திருந்தால், தவறான விவரத்தின் பேரில் உரிமம் கேட்டதாகவே முடிந்திருக்கும்.

பழம்பொருள் என்று விலக்குக் கேட்கலாமா என்றார் தம்பி. ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் அப்படியொரு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தும் பாராமலும் சுட இயலாத ஆயுதத்துக்குத்தான் அது பொருந்தும். குழலையும் சிலிண்டரையும் .32-க்கு மாற்றிக்கொள்ளலாமே என்ற யோசனையும் வந்தது. ஆயுதத்தை மாற்றியமைப்பதே 5-ஆம் பிரிவின் உரிமம் தேவைப்படும் தொழில். அதைவிட, எஞ்சியிருக்கும் ஒரே சான்றை அழிக்கும் செயல்.

ஆகவே துப்பாக்கியின் நிலையைப் பார்ப்பது விலக்குக் கோரிக்கைக்காகவும் தேவைப்பட்டது. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. குளச்சல் பக்கத்துக் கடற்காற்று தக்கலை வரை ஈரத்தைக் கொண்டுவரும். இங்கே தோல் உறைக்குள் துப்பாக்கியை வைத்துப் பூட்டுவதைப் போன்ற தீங்கு வேறில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பித்தளைக் குமிழ் பட்ட இடமெல்லாம் பச்சைக் களிம்பு பிடிக்கும். சிலிண்டரின் ஒரு பக்கம், உறையோடு ஒட்டிக் கிடந்த பக்கம், புள்ளிபுள்ளியாக அரித்திருந்தது. இன்னொரு வழக்கமான கேடு தேங்காய் எண்ணெய். துருப்பிடிக்காமல் இருக்க அதைத்தான் பூசியிருக்கிறார்கள்; அது நாளடைவில் பிசினாக இறுகி, விசையின் உள்ளமைப்பை மந்தமாக்கியிருந்தது. குழலின் உட்புறம் வாயருகே சிறு குழிகள் தவிரப் பரவாயில்லை. உள்வரிகளின் விளிம்பு கூர்மையாகவே நின்றது. அதிகம் சுடப்படாத துப்பாக்கி. மடிப்புப் பூட்டில் ஆட்டம் இல்லை. சிலிண்டருக்கு முன்பின் ஆட்டம் லேசாக உண்டு. சுத்தியை மெதுவாகப் பின்னிழுத்தால் ஆறில் ஓர் அறை மட்டும் குழலுக்கு நேரே முழுதாகப் பூட்டிக்கொள்ளாமல் தயங்கியது. அது பிசினால் வந்ததா, தேய்மானமா என்பதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் சொல்ல இயலாது. கழற்றுவது எனக்குத் தரப்பட்ட வேலையும் அன்று. பிடியின் வலப்புறம் அசல் கடினரப்பர் தட்டு, வெயில் பட்டுப் பழுப்பேறியது. இடப்புறம் ஈட்டி மரத்தில் உள்ளூர்த் தச்சர் ஒருவர் செய்து பொருத்தியது. அசலின் குறுக்குக் கோடுகளைக் கையால் இழுத்து வெட்டியிருக்கிறார். சேகரிப்பாளர் குறை சொல்வார், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மொத்தத்தில் எளிய பழுதுநீக்கத்துக்குப் பின் சுடக்கூடிய ஆயுதம். 45-ஆம் பிரிவின் கதவு இதனால் மூடிவிட்டது.

மதிப்பைப் பற்றி எழுதும்போது ஒப்பீடு ஒன்று தர வேண்டியிருந்தது. 1980-களின் நடுவிலிருந்து தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால், நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் இங்கிலாந்து .32 வெப்ளிகள் கைமாறும்போது அவற்றின் விலை தரத்தோடு தொடர்பில்லாமல் உயர்ந்து நிற்கிறது. இந்தத் துப்பாக்கி .32 ஆக இருந்திருந்தால், மறுபூச்சும் மாற்றுப் பிடித்தட்டும் விலையைக் குறைத்திருந்தாலும், பாகத்தில் பேசத்தக்க தொகை கிடைத்திருக்கும். வெளிநாட்டில் இருந்திருந்தாலும் அப்படியே. சிங்கப்பூர்க் காவல்படைக்கென்று பாதுகாப்பு நெம்புடன் செய்த வெப்ளிகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள், காவல்படை முத்திரை அவற்றின் சிறப்பு. இங்கே அதே தன்மையுள்ள துப்பாக்கியைச் சட்டப்படி வாங்கக்கூடிய தனியார் அநேகமாக இல்லை. வாங்குபவர் இல்லாத பொருளுக்குச் சந்தை விலை என்று ஒன்றை எழுதுவது பொய். குடும்பத்தார் வற்புறுத்தியும் அந்த இடத்தில் ஒரு தொகையை நிரப்ப நான் ஒப்பவில்லை. பாகப்பிரிவினைப் பட்டியலிலிருந்து இதை நீக்கிவிட்டு மற்றவற்றைப் பிரித்துக்கொள்ளும்படி எழுதினேன்.

உரிமை பற்றிய ஐயமும் எஞ்சியது. கிடங்கு எண் அடித்த ஆயுதம் அரசின் கணக்கிலிருந்து முறையாகக் கழிக்கப்பட்டதற்கு உலோகத்திலும் குறி இல்லை, தாளிலும் சான்று இல்லை. பாட்டா தவறாக எடுத்து வந்தார் என்று இதற்குப் பொருளில்லை, முதல் உரிமத்திலேயே.38 என்று வெளிப்படையாகப் பதிந்திருப்பது அவர் எதையும் மறைக்கவில்லை என்பதையே காட்டுகிறது. ஆனாலும் இன்றைய வாரிசு அதை அரசின் முன் வைத்துக் கேட்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. எனவே அளவுகள், ஒளிப்படங்கள், இரண்டு உரிமங்களின் நகல்கள், எல்லா ரசீதுகளும் சேர்த்து, உரிமத்தில் உள்ள விவரம் ஆயுதத்தோடு பொருந்தவில்லை என்பதை வாரிசுகளே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிப்பது என்றும், குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ளும் விருப்பம் இருந்தால் அதை ஒன்றிய உள்துறைக்கான கோரிக்கையாக அந்த வழியிலேயே அனுப்புவது என்றும், பதில் வரும் வரை துப்பாக்கி காப்பறையை விட்டு நகரக் கூடாது என்றும் பரிந்துரைத்தேன்.

தம்பியும் தங்கையும் ஒப்படைத்துவிடலாம் என்றார்கள். மூத்தவர் விண்ணப்பிப்பதாகச் சொல்லி, மூவர் கையொப்பத்துடன் கடிதம் தயாரானது. தோல் உறை ஆயுதம் அல்லாததால் அதை அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தடையில்லை. .32 தோட்டாக்களின் கதை வேறு: உரிமம் பெற்றவர் இறந்தபின் அவற்றையும் வீட்டில் வைத்திருக்க முடியாது, இந்தத் துப்பாக்கிக்கு அவை உரியவையும் அல்ல. ஆகவே அவற்றை எண்ணி, தனிப் பையில் முத்திரையிட்டு, ரிவால்வரின் ரசீதோடு சேர்க்காமல் தனி ரசீதில் வணிகர் வரவு வைத்தார்.